பணிய மறுத்த எஃகு

1740ஆம் ஆண்டுவாக்கில், இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகரில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் தீராத எரிச்சலில் இருந்தார். கைக்கு வந்த எஃகு எதுவும் கடிகாரச் சுருள்வில்லுக்கு லாயக்கில்லை. இரும்புக் கம்பிகளைக் கரித்தூளோடு அடுக்கி நாள்கணக்கில் சூடேற்றித்தான் அன்று எஃகு செய்தார்கள். மேல்தோல் மட்டும் கடினமாகும், உள்ளே பழைய மென்மை அப்படியே இருக்கும். ஒரே பட்டையில் ஓரிடம் ஒடியும், அதற்குப் பக்கத்திலேயே இன்னோரிடம் வளையும். எஃகை முழுசாக உருக்கிவிட்டால் எல்லாம் சீராகக் கலந்துவிடுமே என்று ஹன்ட்ஸ்மனுக்குத் தோன்றியது. ஆனால் அந்தச் சூட்டைத் தாங்கும் பாத்திரத்துக்கு எங்கே போவது?

மூசை என்ற அந்தப் பாத்திரம் தென்னிந்தியாவில் பல நூற்றாண்டுகளாகவே இருந்தது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அகழாய்வு செய்தவர்கள் மூசை உலைகளின் எச்சங்களைக் கண்டிருக்கிறார்கள். மண் மூசைக்குள் இரும்போடு உலர்ந்த ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் வைத்து, வாயை மண்ணால் அடைத்து, துருத்தி ஊதி எஃகு எடுத்த சேலம் வட்டாரத்துக் கொல்லர்களைப் பற்றி 19ஆம் நூற்றாண்டு வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதிவைத்திருக்கிறார்கள். ஹன்ட்ஸ்மனோ தன் மூசையைத் தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஷெஃபீல்டை ஒட்டிய ஹேண்ட்ஸ்வொர்த்துக்குக் குடிபெயர்ந்து, கோக் கரி உலையும் களிமண் மூசையுமாக வருஷக்கணக்கில் போராடினார். கெட்டுப்போன எஃகையெல்லாம் மண்ணில் புதைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் தோண்டிய இடங்களில் பாழான எஃகுக் கட்டிகள் கிடைத்தனவாம். கடைசியில் நினைத்தபடியே எஃகு உருகி வழிந்தது. உள்ளும் புறமும் ஒரே தன்மை, இங்கிலாந்து அதுவரை பார்த்திராத கடினம். அதை வாங்கத்தான் ஆளில்லை.

ஷெஃபீல்டு அப்போதே கத்திக்குப் பேர்போன ஊர். அங்கிருந்த கத்திக் கொல்லர்கள் புது எஃகைச் சம்மட்டியால் அடித்துப் பார்த்தார்கள். பழகிய எஃகு மாதிரி அது பணியவில்லை. இவ்வளவு கடினமான சரக்கு தங்களுக்குச் சரிப்படாது என்று ஒதுக்கிவிட்டார்கள். ஹன்ட்ஸ்மன் வேறு வழியின்றிப் பிரான்சுக்கு ஏற்றுமதி செய்தார். கொஞ்ச காலத்தில் பிரெஞ்சுக் கத்திகள் இங்கிலாந்துச் சந்தையிலேயே ஷெஃபீல்டுக் கத்திகளை விரட்ட ஆரம்பித்தன. பதறிப்போன கொல்லர்கள் நாடாளுமன்ற உறுப்பினர் சர் ஜார்ஜ் சேவிலிடம் ஓடி, இந்த எஃகை வெளிநாட்டுக்கு விற்கத் தடை போடச் சொன்னார்கள். உள்ளூரில் யாருமே அதை வாங்குவதில்லை என்று தெரிந்ததும் சேவில் மறுத்துவிட்டார். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே வழிதான் மிஞ்சியது, ஹன்ட்ஸ்மனின் ரகசியம்.

பனி கொட்டிய ஓர் இரவில், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரன் ஒருவன் ஹன்ட்ஸ்மனின் உலைக்கூடத்துக் கதவைத் தட்டினானாம். வேலையாட்கள் இரக்கப்பட்டு உலையோரம் படுக்க இடம் கொடுத்தார்கள். அவன் தூங்கவில்லை. அரைக்கண் மூடியபடி செய்முறை முழுவதையும் பார்த்துவிட்டான். வேடம் போட்டு வந்தவர் சாமுவேல் வாக்கர் என்ற இரும்பு வார்ப்புக்காரர் என்பது ஷெஃபீல்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. கதை எப்படியோ, மூசை எஃகு பரவியது, ஷெஃபீல்டு உலகத்தின் எஃகுத் தலைநகரானது. ஆனால் எஃகை இன்னும் கடினமாக்கப்போகும் பொருள் அட்லாண்டிக்குக்கு அக்கரையில் ஒரு பழுப்புக் கல்லுக்குள் கிடந்தது.

1801இல் மெக்சிகோ நகரில் ஆந்த்ரேஸ் மனுவேல் டெல் ரியோ என்ற கனிமவியல் பேராசிரியர், சிமாபானில் கிடைத்த ஈயக் கனிமத்தை ஆராய்ந்தபோது புதிய தனிமம் ஒன்றைக் கண்டார். அதன் உப்புகள் சூடுபட்டால் சிவந்ததால் எரித்ரோனியம் என்று பெயரிட்டார். மாதிரியை ஆய்வுப்பயணி ஹம்போல்ட் வழியாகப் பாரிசுக்கு அனுப்பினார். அங்கே கோலே தெகோதில் என்ற வேதியியலாளர் அதைச் சோதித்து, இது புதிதல்ல, ஏற்கெனவே தெரிந்த குரோமியம்தான் என்று 1805இல் தீர்ப்பளித்தார். பாரிஸ் சொன்னதை எதிர்க்கும் தெம்பு டெல் ரியோவுக்கு இல்லை, தன் கண்டுபிடிப்பைத் தானே கைவிட்டார். 1830இல் சுவீடன் இரும்பு ஒன்றில் சேஃப்ஸ்ட்ரோம் என்பவர் அதே தனிமத்தை மறுபடி கண்டு, ஒரு நார்டிக் பெண்தெய்வத்தின் பெயரால் வனேடியம் என்றழைத்தார். இரண்டும் ஒன்றே என்று அடுத்த ஆண்டு வேதியியலாளர் ஃபிரீட்ரிஷ் வோலர் நிரூபித்தார். முதலில் கண்டவருக்கு உரிய பெருமை அவர் வாழ்நாளில் முழுசாகக் கிடைக்கவில்லை என்பது வேதியியல் வரலாற்றின் பெரிய அநியாயங்களில் ஒன்று. பெயர் வந்தும் வேலை வரவில்லை. வனேடியம் எதற்கு உதவும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அடுத்த திருப்பம் இங்கிலாந்தின் டீன் காட்டுக்குள் நடந்தது. கோல்ஃபர்டில் பிறந்த ராபர்ட் மஷெட், இரும்போடு வளர்ந்த மனிதர். அவருடைய தந்தையும் உலோக ஆராய்ச்சியாளர். 1856இல் பெஸ்ஸிமரின் புகழ்பெற்ற எஃகு முறை பொத்தல் விழுந்த, நொறுங்குகிற எஃகையே தந்தபோது, மாங்கனீஸ் கலந்த வார்ப்பைச் சேர்த்தால் சரியாகும் என்று காட்டியவர் அவர்தான். அதற்கு வாங்கிய காப்புரிமை, 1859இல் 50 பவுண்டு முத்திரைக் கட்டணம் செலுத்தப்படாததால் பறிபோனது. பெஸ்ஸிமர் கோடீஸ்வரர் ஆனார், மஷெட் கடனாளி ஆனார். 1866இல் மஷெட்டின் 16 வயது மகள் மேரி தனியாக ரயிலேறி லண்டன் போய், பெஸ்ஸிமரின் முன் நின்று நியாயம் கேட்டாள். அந்தச் சிறுமியின் துணிச்சலை எவ்வளவு பாராட்டினாலும் தகும். பெஸ்ஸிமர் ஆண்டுக்கு 300 பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டார். காப்புரிமையை நம்பிப் பட்ட காயம் மட்டும் மஷெட்டுக்கு ஆறவே இல்லை. இரண்டே ஆண்டுகளில் அவருடைய உலையில் ஓர் அதிசயம் நடந்தபோது, அவர் எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை.

எஃகைக் கடினமாக்க ஒரு வழிதான் உலகுக்குத் தெரிந்திருந்தது. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்க்க வேண்டும். தோய்ச்சல் தவறினால் எஃகு விரிசல் விடும் அல்லது மென்மையாகவே நின்றுவிடும். 1868இல் மஷெட் சோதித்த கலவைகளில் டங்ஸ்டன் சேர்ந்த ஒரு பட்டை, தண்ணீரைத் தொடாமல் சும்மா காற்றில் ஆறியபோதே கடினமாகியிருந்தது. அதில் செய்த லேத் உளிகள் பழைய உளிகளைவிடப் பல மடங்கு நேரம் தாங்கின. மஷெட் அதை ரகசியமாகவே வைத்துக்கொண்டார். சேர்மானங்களுக்குச் சங்கேதப் பெயர்கள் வைத்தார். பின்னாளில் ஷெஃபீல்டின் சாமுவேல் ஆஸ்பர்ன் ஆலையில் எஃகு வார்க்கப்பட்டபோதும், கலவை காட்டுக்குள்தான் தயாரானது, சுற்றுவழிகளில்தான் ஊர் போய்ச் சேர்ந்தது. 1891இல் மஷெட் இறக்கும்வரை அவர் வாயிலிருந்து ரகசியம் வரவில்லை. ஆனால் அவருடைய எஃகுக்குள் அவரே அறியாத ஒரு சக்தி ஒளிந்திருந்தது.

அதை வெளியே கொண்டுவந்தது ஓர் அவமானம். பின்னாளில் தொழிலாளர் வேலையை விநாடி விநாடியாக அளந்து பேர்வாங்கிய ஃபிரெடரிக் டெய்லர், 1898இல் அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு ஆலையில் சேர்ந்தார். தான் நல்லதென்று தேர்ந்தெடுத்த குரோமியம் டங்ஸ்டன் உளிகளின் பெருமையைக் காட்ட, மேஸ்திரிகளையும் அதிகாரிகளையும் கூட்டி வைத்து லேத்தை ஓட்டினார். எல்லார் கண்முன்னும் அவருடைய உளிகளே படுமோசமாகத் தோற்றன. காய்ச்சியபோது சூடு மீறியிருக்க வேண்டும் என்று டெய்லர் ஊகித்தார். எந்தச் சூட்டில் எஃகு கெடுகிறது என்று தெரிந்துகொள்ள, உலோகவியலாளர் மான்செல் வைட்டோடு சேர்ந்து உளிகளைப் படிப்படியாகக் கூடுதல் சூட்டில் காய்ச்சினார். சுமார் 845 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் எதிர்பார்த்தபடி உளிகள் கெட்டன. அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதையும் நின்றிருக்கும்.

இருவரும் நிறுத்தவில்லை. சுமார் 940 டிகிரிக்கு மேலே போனதும் கெட்டுக்கொண்டிருந்த உளிகள் தேற ஆரம்பித்தன. எஃகு உருகும் நிலையை நெருங்கும் அளவுக்குக் காய்ச்சியவை எல்லாவற்றையும் விஞ்சின. எந்தக் கொல்லனும் பாழ் என்று தூக்கிப்போடும் சூடு அது. 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் பெத்லஹேம் ஆலையின் லேத் ஓடியபோது, உளிமுனை சிவக்கப் பழுத்திருந்தும் இரும்பை அறுத்துத் தள்ளியது. நீலம் பாய்ந்த சுருள்கள் உதிர்ந்து விழுந்தன. ஐரோப்பியப் பொறியாளர்கள் கண்ணை நம்பாமல் நின்றார்கள். 'ஹை ஸ்பீடு ஸ்டீல்' பிறந்தது. கோவையிலும் அம்பத்தூரிலும் லேத் பட்டறைகளில் 'ஹெச்.எஸ்.எஸ். டூல்' என்று கேட்டு வாங்குவது இதன் வாரிசைத்தான். அடுத்த பத்தாண்டில் இந்தக் கலவைக்குள் புதிய விருந்தாளி நுழைந்தது. நூறு ஆண்டு வேலையில்லாமல் கிடந்த வனேடியம்.

வனேடியம் எஃகிலுள்ள கரிமத்தோடு சேர்ந்து வனேடியம் கார்பைடு என்ற நுண்ணிய படிகங்களாகிறது. சாதாரண எஃகின் கார்பைடைவிட இரண்டு மடங்குக்கு மேல் கடினம், மணலைவிடவும் கடினம். எவ்வளவு வனேடியமோ அவ்வளவு தேய்மானத் தாக்குப்பிடிப்பு. 18 சதவீதம் டங்ஸ்டன், 4 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் வனேடியம் என்ற கலவை 1910 வாக்கில் உலகத் தரமாகவே ஆனது. ஒரு சதவீதமே இப்படி என்றால் பத்து சதவீதம் போட்டால் என்ன? போட்டுப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது தோல்வி. பெரிய வார்ப்புக்கட்டி மெல்ல ஆறும்போது கார்பைடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரும் கொத்துகளாகிவிட்டன. அடித்தால் கட்டி பிளந்தது, சாணை பிடித்தால் சாணைக்கல்தான் தேய்ந்தது. வழி அரை நூற்றாண்டுக்குமேல் அடைபட்டே கிடந்தது. திறந்தது, எஃகுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து.

1955இல் ஒஹையோவின் பேட்டல் ஆராய்ச்சி நிலையத்தில், அணு உலை எரிபொருளின்மேல் உலோக உறையை இடைவெளி இல்லாமல் ஒட்டவைக்க ஒரு முறை கண்டுபிடித்தார்கள். சூடான கலத்துக்குள் வாயுவை அசுர அழுத்தத்தில் செலுத்தி, பொருளை எல்லாப் பக்கமும் சமமாக நெருக்கும் முறை. அப்படி நெருக்கினால் உலோகத் தூள்கூட ஒரே கட்டியாக இறுகும் என்பது பிறகு தெரிந்தது. நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரில் குரூசிபிள் என்ற எஃகு நிறுவனம் இதைப் பிடித்துக்கொண்டது. அந்த ஆலையின் வேர் 1876இல் ஷெஃபீல்டிலிருந்து வந்த சாண்டர்சன் குடும்பத்து நிறுவனத்தாரிடம் இருக்கிறது. நிறுவனத்தின் பெயருக்கே மூசை என்றுதான் பொருள். ஹன்ட்ஸ்மனின் பேரப்பிள்ளைகள் என்று இவர்களைச் சொல்லலாம். அவர்கள் துணிந்து செய்த காரியம், மூசை எஃகின் அடிப்படையையே தலைகீழாக்குவது.

உருகிய எஃகைக் கட்டியாக ஆறவிடாமல், மெல்லிய தாரையாகக் கீழே விழவிட்டு அதன்மேல் வாயுவைப் பீய்ச்சினார்கள். தாரை சிதறித் துளித்துளியாகி, விழும்போதே உறைந்து தூளானது. ஒவ்வொரு துளியும் நொடியில் ஆறுவதால் கார்பைடுகள் கூடிக் கொத்தாக நேரமே இல்லை. தூளை எஃகு உருளையில் அடைத்து, காற்றை நீக்கி, அழுத்தத்தில் இறுக்கினால் பத்து சதவீத வனேடியமும் சீராகப் பரவி நின்றது. படிகங்களின் அளவு சில மைக்ரான்தான். 1970இல் இந்தத் தூள் எஃகு வணிகத்துக்கு வந்தது. 1978இல் வந்த சி.பி.எம். 10வி என்ற ரகத்தில் கிட்டத்தட்ட 9.75 சதவீதம் வனேடியம். அதை வாங்கியவர்கள் பிளாஸ்டிக் ஆலைக்காரர்களும் தகடு வெட்டும் ஆலைக்காரர்களும். கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் தள்ளும் திருகாணியும், ஓயாமல் தகடு துளைக்கும் பஞ்சும் பழைய எஃகில் சீக்கிரம் தேய்ந்து போய்க்கொண்டிருந்தன. புது எஃகு அசையவில்லை. இப்படி ஆலை இருட்டுக்குள்ளேயே அது காலம் கழித்திருக்கும், சிலருடைய சட்டைப்பையும் கால்சட்டைப்பையும் குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

சட்டைப்பையில் கிடந்தது மடக்குக் கத்தி. பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, ஆப்பிள் நறுக்க, பென்சில் சீவ என்று கோடிக்கணக்கானவர்கள் காலங்காலமாக வைத்திருந்த அதே சாதாரண மடக்குக் கத்தி. எஃகு இவ்வளவு தூரம் ஓடியும், இந்தக் கதையில் இதுவரை வந்த எஃகு எதுவும் கத்திக்கென்று செய்ததல்ல. கடிகாரத்துக்கு, லேத்துக்கு, பிளாஸ்டிக்குக்கு என்று செய்ததில் மிச்சம்தான் கத்திக்கு வந்தது. 1981இல் கொலராடோவின் கோல்டன் நகரைச் சேர்ந்த ஸ்பைடர்கோ நிறுவனத்தின் சால் கிளெஸர், ஜப்பானின் செக்கி நகரில் செய்வித்த 'வொர்க்கர்' என்ற கத்தியைக் கொண்டுவந்தார். பையின் விளிம்பில் மாட்டும் கிளிப், ஒற்றைக் கட்டைவிரலால் திறக்க அலகில் ஒரு வட்டத் துளை. பையின் அடியிலோ மேசை இழுப்பறையிலோ கிடந்த கத்தி நாள் முழுக்கக் கைக்கெட்டும் இடத்துக்கு வந்தது. கைக்கெட்டியதால் வேலை கூடியது, வேலை கூடியதால் கூர் சீக்கிரம் போனது.

கூரைத் தின்றது அட்டைப்பெட்டி. பார்க்க மிருதுவான அந்த அட்டைக்குள், பழைய காகிதத்தோடு வந்துசேர்ந்த மணல்துகளும் கனிமத்தூளும் நிறைய. ஒவ்வோர் அறுப்பும் கத்தியை உப்புத்தாளில் இழுப்பதுபோலத்தான். கத்தியின் தேய்மானத்தை அளக்க ஷெஃபீல்டின் காட்ரா ஆய்வு நிலையம் பயன்படுத்துவதும் 5 சதவீதம் சிலிக்கா கலந்த அட்டையைத்தான். கிடங்குக்காரர்களும் கம்பளம் விரிப்பவர்களும் தோட்டக்காரர்களும் அன்றாடம் கூர் தீட்டி அலுத்தார்கள். தனியாகக் கத்தி செய்யும் கைவினைஞர்கள் சிலர் குரூசிபிளின் எஃகுத் துண்டுகளை வாங்கிப் பார்த்தார்கள். 1996இல் ஸ்பைடர்கோ தன் 'மிலிட்டரி' மடக்குக் கத்திக்குப் பிளாஸ்டிக் ஆலைக்கான தூள் எஃகு ஒன்றையே எடுத்துக்கொண்டது. அறுப்பது அபாரமாக இருந்தது. உற்பத்தியில்தான் சிக்கல், சாணைப் பட்டைகள் மளமளவென்று தீர்ந்தன. ஷெஃபீல்டுக் கொல்லர்கள் 250 ஆண்டுக்கு முன் சொன்ன அதே புகார் மறுபடி எழுந்தது.

இம்முறை எஃகுக்காரர் காதைக் கொடுத்தார். குரூசிபிளின் டிக் பார்பர் கத்தி செய்பவர்களிடம் போய், என்ன வேண்டும் என்று கேட்டார். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஐடஹோவுக்குக் குடியேறி 'செபென்சா' மடக்குக் கத்தி செய்துகொண்டிருந்த கிறிஸ் ரீவ் அவர்களில் முக்கியமானவர். துரு பிடிக்கக் கூடாது, கூர் நிற்க வேண்டும், பட்டறையில் சாணை பிடிக்கவும் முடிய வேண்டும். 2001இல் சி.பி.எம். எஸ்30வி வந்தது. 14 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் வனேடியம். கத்திக்காகவே, கத்திக்காரர்களிடம் கேட்டு உருவான தூள் எஃகு அது. பல நிறுவனங்களின் நல்ல மடக்குக் கத்திகளுக்கு அதுவே வாடிக்கை எஃகாக ஆனது. ஆனால் சிலருக்கு அதுவும் போதவில்லை.

அவர்கள் கேட்டது கலப்பில்லாத தேய்மானத் தாக்குப்பிடிப்பு. 10வி ரக எஃகும், ஆஸ்திரியாவின் போலர் ஆலை செய்யும் 9 சதவீத வனேடியம் கொண்ட கே390 எஃகும் மடக்குக் கத்திகளில் ஏறின. அவற்றை அன்றாடம் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு பாடங்கள் காத்திருந்தன. குரோமியம் சுமார் 5 சதவீதமே என்பதால், எலுமிச்சை நறுக்கித் துடைக்காமல் விட்டால் அலகு கறுத்தது, ஈரப்பையில் துரு பூத்தது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி கூர் தீட்டும்போது வந்தது. வீட்டில் இருந்த கல் எவ்வளவு தேய்த்தும் கூர் ஏறவில்லை. வழக்கமான அலுமினா கல்லைவிட வனேடியம் கார்பைடு கடினம். கல் மென்மையான எஃகைத் தேய்த்ததே ஒழிய, கார்பைடை வெட்டவில்லை. வைரத்தூள் பதித்த தட்டை எடுத்தபோதுதான் எஃகு பணிந்தது. வைரத்தில் சில இழுப்பு, பிறகு நெடுநாள் கவலையில்லை. தடிமனான அலகு வைத்தால் இந்த எஃகு வீண் என்பதையும் பயன்படுத்தியவர்களே கண்டார்கள். விளிம்பை மெல்லியதாகத் தீட்டினால்தான் அதன் அருமை தெரிந்தது.

வனேடியத்தின் பழைய கதைக்கும் 1998இல் ஓர் எதிர்பாராத கிளை முளைத்தது. அயோவாவின் உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் கத்திக் கொல்லர் ஆல்ஃபிரெட் பென்ட்ரேயும் பழைய டமாஸ்கஸ் அலகுகளை ஆராய்ந்து, அவற்றின் நீரோட்ட வரிகளுக்குக் காரணம் இம்மியளவு வனேடியம் போன்ற தனிமங்கள் கார்பைடுகளை வரிசையாகக் கோத்ததுதான் என்று எழுதினார்கள். அந்த அலகுகளுக்கான மூசை எஃகு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது. உலைக்காரர்களுக்கு வனேடியம் என்றொரு பொருள் இருப்பதே தெரியாது. தாது கொடுத்ததை எஃகு வாங்கிக்கொண்டது.

2021இல் உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்த மேக்னாகட் என்ற எஃகு வந்தது. குரோமியம் கார்பைடே உருவாகாதபடி கலவையைக் கணக்கிட்டு, வனேடியமும் நயோபியமும் தரும் நுண்படிகங்களை மட்டும் வைத்துக்கொண்டார். துருவும் பிடிக்காது, எளிதில் ஒடியவும் ஒடியாது. கத்தி உலகம் கொண்டாடிக்கொண்டிருந்தபோதே, அதை வார்த்த குரூசிபிள் கடனில் தத்தளித்தது. 2024 டிசம்பரில் திவால் மனு போட்டது. தூள் எஃகுகளின் உரிமை எராஸ்டீல் என்ற ஐரோப்பிய நிறுவனத்துக்குப் போனது.

இன்று கிடைப்பவற்றில், நாளெல்லாம் அட்டைப்பெட்டி அறுப்பவருக்கு 9, 10 சதவீத வனேடியம் கொண்ட மடக்குக் கத்தியும் ஒரு வைரத் தட்டும் சேர்ந்தால்தான் பொருத்தம். பழம் நறுக்கி, பார்சல் பிரித்து, மழையில் நனையும் பையில் கத்தி வைத்திருப்பவருக்கு 4 சதவீதமும் துருப்பிடிக்காத அலகுமே மேல்.